சுக்காவ் போக டூர் பேக்கேஜ் தேவையில்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு பதிப்புல சபா மாநிலம்னாலே கினபாலு மலை, தீவு, ரிசார்ட் அவ்ளோதான். சண்டாக்கான்ல இருந்து வேன் ஏறினா ரெண்டு மூணு மணி நேரத்துல சுக்காவ்னு ஒரு கம்பம் (கிராமம்), கினபாத்தாங்கான் ஆத்தங்கரையில இருக்கு, அதப் பத்தி ஒரு வரி வந்து நான் பாக்கல, அதான் எழுதுறேன்.

சண்டாக்கான் பக்கத்துல செப்பிலோக்ல ஒராங் ஊத்தான் குரங்கு பாக்கத்தான் போனோம், கையில காசு கம்மி. சுக்காவ்ல ஒராங் சுங்கைன்னு சொல்ற அந்த ஊர் ஆத்தோர ஜனங்க வீட்லயே தங்கலாம், சாப்பாடு அவங்களே போடுறாங்க, படகும் அந்த வீட்டு ஆளுங்கதான் ஓட்டுறாங்க, லாட்ஜ்காரங்க கேக்குறதுல பாதி கூட ஆகல. தீபகற்ப மலேசியால இருந்து போற நமக்கு ஐசி (அடையாள அட்டை) போதும், பாஸ்போர்ட் வேணாம்.

சாயங்காலமானா நீள மூக்கு குரங்குங்க தூங்குறதுக்கு ஆத்தோர மரத்துக்கு வந்துருது. கிழட்டு ஆண் ஒண்ணு மூக்க கையால ஒதுக்கிட்டு இலைய வாயில திணிக்கிறத பாக்கணுமே! தலைக்கு மேல இருவாச்சி, சேத்துல முதலை. ராத்திரி டார்ச் அடிச்சா மீன்கொத்தி குச்சி மேல பஞ்சு உருண்டை மாதிரி தூங்கிட்டு இருக்கு, கை நீட்டினா தொட்டுடலாம்.

இவ்ளோ மிருகமான்னு நாம வாயப் பொளக்குறோம், ஆனா அதுங்களுக்கு போக வேற இடமில்ல. எங்க தாத்தா பாட்டி தோட்டத்துல பொழச்சவங்க, செம்பனைய (பாமாயில் மரத்த) திட்ட எனக்கு வாய் வராது, இருந்தாலும் வேன்ல வர்ற வழியெல்லாம் செம்பனை தவிர ஒண்ணுமே கண்ல படல. ஆத்தோரமா மிஞ்சின காட்டுலதான் எல்லாம் அடைஞ்சு கெடக்கு. 2005ல சுமார் 26,000 ஹெக்டர் சரணாலயம்னு அறிவிச்சாங்க, அதுவும் துண்டு துண்டா. பெரிய மரம் இல்லாம ஒராங் ஊத்தான் ஓடைய தாண்ட முடியலன்னு பழைய தீயணைப்பு ஹோஸ்ல பாலம் கட்டி விட்டிருக்காங்க. சுக்காவ்ல ஆத்து மேல ரோட்டுப் பாலம் போட இருந்தத 2017ல அரசாங்கம் கைவிட்டுச்சு, நல்ல வேளை, இல்லன்னா யானை போற வழியே போயிருக்கும்.

அந்த யானைக்கும் இப்போ நிம்மதியில்ல. எங்க படகுக்கார பாங் (அண்ணன்) தூரத்துலயே இஞ்சின ஆஃப் பண்ணிட்டாரு, ஒரு யானை புல்லப் பிடுங்கி கால்ல தட்டி மண்ண உதறி தின்னுட்டு இருந்துச்சு. அதுக்குள்ள ஏதோ லாட்ஜ் படகு ஒண்ணு சர்ருன்னு கரை வரைக்கும் போய் நின்னுச்சு, குட்டியோட இருந்தது பிளிறிட்டு உள்ள போயிருச்சு. "கேக்க ஆளில்லையா பாங்?"னேன், சும்மா சிரிச்சாரு. எத்தன படகு, எவ்ளோ தூரத்துல நிக்கலாம்னு ஆத்துலயே நின்னு பாக்க ஆள் போடணும், இத உங்க பேப்பர் கொஞ்சம் அழுத்தி எழுதுனா நல்லாருக்கும்.

போறவங்க வருஷக் கடைசி மழையில போகாதீங்க, ஆறு ஏறிரும். அட்டைக்கு நீள சாக்ஸ் எடுத்துக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிள்ளான்