நீலத்தில் இல்லை சோகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பிக்காசோவின் ‘முதிய கிதார்க்காரர்’ ஓவியம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படம் முழுக்க நீலம், நீலம் சோகத்தின் நிறம் என்று கட்டுரையாளர் இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெல்லிசைக் குழுவில் 26 வருடம் கிதார் வாசித்தவன் என்ற முறையில் எனக்கு அது ஒப்பவில்லை.

நீலத்தைச் சோகம் என்பது ஆங்கிலேயர் பேச்சு. நமக்கு அது கண்ணன் நிறம், மயில் கழுத்து. அப்படியிருந்தும் இந்தப் படம் நம்மையும் கலங்கடிக்கிறதே, எப்படி?

ஒருமுறை என்னிடம் கற்றுக்கொண்ட பையனுக்காக இதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தேன். கலர் பிரதிக்குக் கையில் காசில்லை. நீலம் போய்விட்டது, சோகம் போகவில்லை. அது அந்தக் கழுத்தில் இருக்கிறது. ஒடிந்து தொங்குவதுபோல் சாய்ந்த தலை, பார்வையற்ற கண், எலும்பெடுத்த நீள விரல்கள். சபைக்கு வாசிப்பவன் தலை இப்படித் தொங்காது. வலக்கை விரல்களைப் பாருங்கள், ஒரு சுரம் முடிந்து அடுத்தது வராமல் நிற்கிற கை என்றே எனக்குப் படுகிறது.

ஜெராக்ஸில் காணாமல் போனது கிதார்தான். மூலத்தில் அது மட்டும் மரத்தின் பழுப்பு நிறம், பிரதியில் உடம்போடு உடம்பாகக் கலந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, நீலம் அழ வைக்க வரவில்லை, கிதாரைத் தனியே எடுத்துக் காட்ட வந்திருக்கிறது.

கழுத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் பெண் முகத்தை ‘இழந்த காதலின் ஆவி’ என்கிறது கட்டுரை. 1903-04இல் பார்சிலோனாவில் பிக்காசோவுக்குக் கடும் பணமுடை. ஏற்கெனவே வரைந்த பலகையின் மேலேயே வரைந்தார். சிகாகோ அருங்காட்சியகத்தில் 1998இல் அகச்சிவப்புக் கேமரா வைத்துப் பார்த்தபோது, அடியில் குழந்தையுடன் ஓர் இளம் தாய் தெரிந்தாள். ஆவியெல்லாம் இல்லை, பலகை வாங்கக் காசில்லை. 1901இல் நண்பர் காசஹேமாஸ் தற்கொலை செய்துகொண்ட துயரம் அவரிடம் இருந்தது உண்மை. அதற்காக ஒவ்வொரு கறையிலும் அதைத் தேட வேண்டுமா?

இன்னொன்று. படத்தைத் தபால்தலை அளவில் போட்டு, கீழே வேறு வெட்டிவிட்டீர்கள். சம்மணக் காலும் வெறும் பாதமும் போய்விட்டால், அவர் தரையில் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிதார்க்காரர், திண்டுக்கல்