சாப்பாட்டைக் காரணம் சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுக் கட்டுரையைப் படித்தேன். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியவர் கேலி செய்திருந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவன் நான். அந்தக் கேலி என் மனதுக்கு ஒப்பவில்லை. சிலர் பொய் சொல்கிறார்கள், சரி. ஆனால் உண்மையிலேயே சாப்பாட்டால் மாட்டிக்கொண்ட பிள்ளையும் அதே வார்த்தைகளைத்தானே சொல்ல முடியும்?

சாப்பாட்டில் மருந்து வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2011ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது எடுத்த 208 சிறுநீர் மாதிரிகளில் 109இல் கிளென்பியூட்டரால் இருந்தது. 24 அணிகளில் 19 அணிகளின் பையன்கள்! மாட்டுக்குக் கொழுப்புக் குறைந்து சதை ஏற வேண்டுமென்று சிலர் திருட்டுத்தனமாகக் கொடுக்கிற, விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து அது. மெக்சிகோ பையன்கள் தப்பித்தார்கள். அவர்கள் நாட்டுப் பெரிய அணியில் ஐந்து பேர் அதே மருந்தில் சற்று முன்புதான் சிக்கியிருந்ததால், இந்தப் பையன்களுக்கு இறைச்சியை நிறுத்தி மீனும் காய்கறியும் கொடுத்திருந்தார்கள். யார் மேலும் நடவடிக்கை இல்லை. அத்தனை மாதிரிகள் ஒரேயடியாக வந்ததால்தான் இறைச்சியின் மேல் கண் போனது. ஒரே ஒரு பையன் மட்டும் சிக்கியிருந்தால் அவன் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

நம் நாட்டு நிலவரம் வேறு. இங்கே திருட்டுத்தனம் தேவையே இல்லை. சதை ஏற்றும் மருந்துகளான ஜெரனால், டிரென்போலோன் இரண்டையும் மாட்டின் காதுத் தோலுக்கடியில் குளிகையாக வைக்கவும், அதே மாதிரி மருந்தான ஜில்பாட்டராலைத் தீவனத்தில் கலக்கவும் தென்னாப்பிரிக்காவில் அனுமதி உண்டு. மூன்றுமே விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. முறையாகச் செய்தால் இறைச்சியில் தங்குவது மிகக் குறைவுதான். எல்லாப் பண்ணையிலும் முறையாகத்தான் செய்கிறார்கள் என்று எந்தப் பெற்றோரால் அடித்துச் சொல்ல முடியும்?

'நாங்கள் மாட்டிறைச்சியே தொடுவதில்லை, எங்களுக்கென்ன' என்று நம் வீடுகளில் பலர் சொல்வார்கள். 2013இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் வாங்கிய 139 இறைச்சிப் பண்டங்களைச் சோதித்தார்கள். 68 சதவீதத்தில் லேபிளில் சொல்லாத ஏதோ ஒன்று கலந்திருந்தது. சிலவற்றில் பன்றி, சிலவற்றில் மாடு, கழுதை இறைச்சிகூட இருந்தது. சாசேஜ், பர்கர் மாதிரி அரைத்துச் செய்கிறவற்றில்தான் அதிகம். அப்போது நம் ஊரில் எழுந்த கோபம் பலருக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போட்டி முடிந்து மைதானத்து ஓரத்தில் பூரவோர்ஸ் (நம் நாட்டுச் சாசேஜ்) ரோல் வாங்கித் தின்கிற பிள்ளையிடம் போய் அதில் எந்த இறைச்சி என்று கேட்டுப் பாருங்கள். சட்டப்படி பூரவோர்ஸில் மாடு, ஆடு, பன்றி எதுவும் இருக்கலாம்.

இனி சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளை ஒரு பெட்டியைத் தானே தேர்ந்தெடுத்து, குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீரைக் கொடுத்து, அதை ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் ஊற்றி மூட வேண்டும். அப்புறம் ஒரு படிவம். கடந்த 7 நாட்களில் சாப்பிட்ட மாத்திரை, மருந்து, சத்துமாவு எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்கிறார்கள். என்ன சாப்பாடு சாப்பிட்டாய் என்று ஒரு வரி கிடையாது. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். முடிவு தப்பாக வந்தால் மட்டும், எப்படி உன் உடம்புக்குள் போனது, நீயே நிரூபி என்கிறார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எந்தக் கடையில் என்ன தின்றோம் என்று எனக்கே சொல்லத் தெரியாது. அந்தச் சாப்பாட்டில் ஒரு துண்டு யாரிடமாவது இருக்குமா?

சத்துமாவு டப்பா என்றால் கதை வேறு. 2010இல் நம் ரக்பி வீரர்கள் சிலிபாய் ரலெபெல்லே, பியோர்ன் பாசன் இருவரும் மெத்தில்ஹெக்சனமின் என்ற தடை செய்யப்பட்ட ஊக்கப் பொருளில் சிக்கினார்கள். அணியில் கொடுத்த சத்துப்பொருளில் அது இருந்தது தெரியவந்து விடுவிக்கப்பட்டார்கள். காட்ட டப்பா இருந்தது. அதே ரலெபெல்லே 2019இல் டர்பன் ஷார்க்ஸ் அணியில் இருந்தபோது அகப்பட்டது ஜெரனாலில், மாட்டின் காதில் வைக்கிற அதே பொருள். 2014இல் வேறொரு மருந்துக்காக ஏற்கெனவே சிக்கியவர் என்பதால் 8 ஆண்டு தடை. அந்தத் தீர்ப்போடு சண்டை போட நான் வரவில்லை.

கையில் பணம் இருந்தால் வழக்கின் போக்கே மாறுகிறது. அமெரிக்க நீளத்தாண்டல் வீரர் ஜேரியன் லாசன் 2018இல் டிரென்போலோன் வகையில் சிக்கினார். ஜப்பானிய உணவகத்தில் தின்ற மாட்டிறைச்சிதான் காரணம் என்றார். வழக்கறிஞர், நிபுணர், முடிப் பரிசோதனை என்று போராடி 2020இல் சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் விடுதலை பெற்றார். அதற்குள் ஒன்றரை வருடத்துக்கு மேல் போய்விட்டது, உலகப் போட்டி ஒன்றும் போனது. அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷெல்பி ஹூலிஹன் பன்றி இறைச்சி வைத்த பர்ரிட்டோ ரொட்டிச் சுருளைச் சொன்னார், ஏற்கவில்லை, 4 ஆண்டு தடை. சைக்கிள் வீரர் ஆல்பெர்ட்டோ கொண்டடோர் ஸ்பெயினில் வாங்கிய இறைச்சியைச் சொன்னார். அவர் சிறுநீரில் இருந்த கிளென்பியூட்டரால் ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிக் கூறாக்கி அதில் 50 கூறு! 2010 டூர் டி பிரான்ஸ் பட்டம் பறிபோனது. பிற்பாடு, கிளென்பியூட்டரால் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கு (5,000 பிகோகிராமுக்கு) உட்பட்டிருந்தால் உடனே குற்றம் சாட்டாமல் முதலில் இறைச்சியா என்று விசாரிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அவரிடம் இருந்ததைப் போல 100 மடங்கு அது.

ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய சீன நீச்சல் வீரர்கள் 23 பேர் விவகாரத்தையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். அங்கே எனக்கும் கோபம் உண்டு. இதயத்துக்குக் கொடுக்கிற டிரைமெட்டாசிடின் ஹோட்டல் சமையலறையில் எப்படி வந்தது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஆனாலும் சாப்பாட்டில் கலந்ததென்று 2021இல் வழக்கை மூடிவிட்டார்கள். உலகத்துக்குத் தெரிந்தது 2024இல். நாடே பின்னால் நின்றால் கலப்படத்தை நம்புகிறார்கள், ஒற்றைப் பிள்ளை சொன்னால் நம்புவதில்லை. ஏமாற்றுகிறவர்கள் தப்பக் கூடாது என்பதால் விதி கடுமையாக இருக்க வேண்டும், அதை நான் ஏற்கிறேன். நிரூபிக்க ஒரு வழியையும் கொடுத்துவிட்டு அப்புறம் கடுமையாக இருக்கட்டும்.

அந்தப் படிவத்தில், கடைசி இரண்டு நாளில் வெளியில் சாப்பிட்ட இறைச்சி என்ன, எங்கே என்று ஒரு வரி சேர்க்க நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தால் முடியாதா? அன்றைக்கே எழுதிய எழுத்துக்கு மதிப்பு உண்டு, மாதம் கழித்துச் சொல்கிற ஞாபகத்துக்கு இல்லை. அதுவரை படிவத்தில் குறிப்பு எழுத விட்டிருக்கும் இடத்திலாவது எழுதச் சொல்லி என் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெற்றோருக்கும் ஒன்று தெரிய வேண்டும். 16 வயது ஆகாத பிள்ளைகளும், 18க்குள் இருந்து, வயது வரம்பில்லாத சர்வதேசப் போட்டிகளுக்குப் போகாதவர்களும், மருந்து எப்படி உள்ளே போனது என்று காட்டாமலே தண்டனைக் குறைப்புக் கேட்கலாம். இது உலக விதியிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

புரட்டாசி வந்தால் எனக்குக் கவலை இன்னும் கூடும். மாதம் முழுக்க விரதம், வீட்டில் கவிச்சி கிடையாது. நல்லதுதான், இறைச்சிக் கவலை இல்லை. ஆனால் பிள்ளைக்குச் சத்துப் போதாது என்று பயந்து, உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்ன புரோட்டீன் பவுடரை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இறைச்சியைவிட அந்த டப்பாவில்தான் ஆபத்து அதிகம். பருப்பும் பீன்ஸ் கறியும் தயிரும் போதும். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் டப்பாவைத் தூக்கிப் போடாமல் அடியில் கொஞ்சம் மாவோடு எடுத்து வையுங்கள், கடை ரசீதையும் சேர்த்து.

புரட்டாசிக்கு முந்தைய இதழில் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் எங்கள் கழகப் பெற்றோரிடம் காட்ட எனக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.