கடற்கரை அறை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதுதான் இந்த அறிக்கை. வழக்கமாக நான்கு பக்கத்தில் "சிறப்பாக நடைபெற்றது" என்று பத்துத் தடவை எழுதி முடித்துவிடுவோம். இந்த வருஷம் அப்படி எழுத மனசு வரவில்லை. பாதி விஷயம் சிறப்பாக நடக்கவில்லை, நடந்த பாதியும் நாங்கள் திட்டம் போட்டு நடந்ததில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களின் பெயரை இதில் எழுதவில்லை. போன வருஷ அறிக்கை போன் போனாகச் சுற்றி யார் யாரிடமோ போய்ச் சேர்ந்தது, நம் பெரியவர் ஒருவரை முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட்டு, அவர் வரைந்த படம் விலைக்கு வருமா என்று நச்சரித்தார்கள். அதனால் இங்கே ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். முழுப்பெயர் அறையில், பதிவேட்டில் இருக்கிறது. ஏறி வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: மும்பை தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்துக்குள், ஏணி மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும் படியில் ஏறினால் வரும் ஒற்றை அறைதான் நம் அருங்காட்சியகம். "அருங்காட்சியகம்" என்று சொல்ல வாய் கூசியதால் கடற்கரை அறை என்று பெயர் வைத்தோம். தூத்துக்குடி, மணப்பாடு, உவரி, இனயம் பக்கமிருந்து நம் தாத்தாக்கள் வந்தபோது பெட்டியில் வந்தவையும், பிறகு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரயிலில் சண்டை போட்டுக் கொண்டுவந்தவையும் அங்கே இருக்கின்றன. வலை ஊசி, தக்கை, ஈயக்குண்டு, துடுப்பு, கல் நங்கூரம் (இதைப் படியில் ஏற்றிய கதையைத் தனியாக ஒரு அறிக்கையாகவே எழுதலாம்), ஒட்டுப் போட்ட பாய்த்துணி ஒன்று. கரையை விட்டு வந்து துறைமுகத்திலும் மில்லிலும் வேலை பார்த்த ஆட்களின் பிள்ளைகள் நாம். நம்மில் பாதிப் பேருக்குக் கடல் என்றால் மரைன் டிரைவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் இடம், அவ்வளவுதான். இத்தனைக்கும் நாம் குடியிருக்கும் தாராவியே மாஹிம் ஓடைக் கரையில் கோலி மீனவர்களின் கிராமமாக இருந்த இடம். ஓடை தூர்ந்து போனாலும் கோலிவாடா, அதாவது கோலிகளின் குடியிருப்பு, இன்னும் அதே பெயரோடு இருக்கிறது.

சரி, முதலில் கெட்ட செய்தி. ஜூலை 8 விடியற்காலை இந்த ஊரில் ஆறு மணி நேரத்தில் 300 மில்லிமீட்டர் கொட்டியது ஞாபகம் இருக்கும். ரயில் நின்றது, சந்தெல்லாம் தண்ணீர், யாரும் அறைப் பக்கம் போக முடியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் மேற்குச் சுவர் முழுக்க ஓதம். பாய்த்துணி தப்பியது, அது மழைக்கும் உப்புக்கும் பழகின சரக்கு. தப்பாதது மணப்பாட்டுப் பெரியவரின் படம் ஒன்று. அதற்கு மழை மட்டும் காரணமில்லை. அட்டையில் எனாமல் பெயின்ட்டில் வரைந்த படம் அது, ஓரம் பிய்கிறதே என்று நம் இளைஞர் ஒருவர் ஆதார் அட்டைக்குப் போடுவது போல நல்ல மனசோடு லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். செயலாளராகிய நானும் "சபாஷ்" என்றேன். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல், கடலுக்கு மேலே வானம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. பிரிக்கப் போனால் பெயின்ட் பிளாஸ்டிக்கோடு வருகிறது. அப்படியே வைத்திருக்கிறோம். பெரியவர் பார்த்துவிட்டு, "வாடைக்காத்துல வானம் இப்படித்தான் இருட்டும், விடு தம்பி" என்றார். அவர் விட்டுவிட்டார், நான் விடவில்லை. தப்பு என்னுடையது என்று பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது அவமானம் சின்னது, ஆனால் சிரிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கட்டுமர மாதிரி செய்யச் சொல்லியிருந்தோம். அழகாகத்தான் வந்தது, பாலிஷ் எல்லாம் போட்டு. உவரி அண்ணன் கையில் வாங்கி ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கயிறு எங்கே?" மரங்களை ஃபெவிகால் போட்டு ஒட்டியிருந்தார்கள். "இது கட்டுமரம் இல்லப்பா, ஒட்டுமரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டுமரம் என்றால் கட்டினால்தான் மரம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போட்டு, மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள். கடலிலும் கயிற்றுக் கட்டு அலைக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இங்கிலீஷ்காரன் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு போய் இரட்டை உடல் வைத்த படகுக்கெல்லாம் கேட்டமரன் என்று வைத்துவிட்டான், நாம் கயிற்றையே மறந்துவிட்டோம். இப்போது அண்ணனே ஒரு மாதிரியைக் கயிற்றால் கட்டிக் கொடுத்திருக்கிறார், பிள்ளைகள் அவிழ்த்துக் கட்டலாம். ஒட்டுமரத்தையும் தூக்கிப் போடவில்லை, பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மணப்பாட்டுப் பெரியவர் படம் வரைய யாரிடமும் கற்றதில்லை. மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி, சேலைப் பெட்டி அட்டை, உடைந்த பிளைவுட் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் வரைவார். பெயின்ட்டும் யாரோ கதவுக்கு அடித்து மிச்சம் வைத்தது. அதனால் அவர் கடல் சில சமயம் கதவுப் பச்சையாக இருக்கும். அவர் கொடுத்த படங்களில் மூன்று கிட்டத்தட்ட ஒன்றேபோல இருந்தன. முன்னால் ஒரு பாய்ப் படகு, தூரத்தில் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில், அதற்குப் பின்னால் பனங்கூட்டம், ஓரத்தில் கலங்கரை விளக்கம். பனை கோயிலைவிடப் பெரிது, படகு இரண்டையும்விடப் பெரிது. நாங்கள் எழுதி வைத்த சீட்டு இது: "மணப்பாடு கடற்கரைக் காட்சி, குழந்தைத்தனமான பாணி." இதற்கு மேலே, ஒரே காட்சியை மூன்று தடவை வரைந்திருக்கிறார், சுவரில் இடமில்லை, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஜூன் மாதக் கமிட்டியில் தீர்மானமே போட்டோம். குறிப்பேட்டில் என் கையெழுத்தோடு இருக்கிறது.

ஆகஸ்ட் 19 நாரளி பௌர்ணிமா. மகாராஷ்டிராவில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், அதெல்லாம் முடிந்து கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் விட்டுக் கும்பிடும் நாள். நம்மில் ஏழெட்டுப் பேர் வொர்லி கோலிவாடாவுக்குப் போயிருந்தோம். அங்கே பழக்கமான ஒரு கோலி மீனவர், காகா (மராத்தியில் சித்தப்பா) என்றுதான் கூப்பிடுவோம், அடுத்த ஞாயிறு நம் அறையைப் பார்க்க வந்தார். வலை ஊசியை எடுத்து, கேட்காமலே நாலு கண்ணி பின்னிக் காட்டினார். அப்புறம் அந்த மூன்று படத்துக்கும் முன்னால் போய் நின்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை நீட்டிப் பனையையும் கோயிலையும் அளந்தார். முதல் படம், இரண்டாம் படம், மூன்றாம் படம். திரும்பி, "யே தோ மச்லி கா ஜகா ஹை" என்றார்.

மீன் கிடைக்கிற இடம்! மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காகாவுக்குத் தமிழ் தெரியாது, பெரியவரின் இந்தி துறைமுக இந்தி. ஆனாலும் அரை மணி நேரம் இரண்டு பேரும் விரலாலேயே பேசிக்கொண்டார்கள்.

அதாவது, ஒரு படத்தில் பனங்கூட்டம் கோயிலுக்கு நேர் பின்னால், இன்னொன்றில் வடக்கே ஒரு விரல் தள்ளி, மூன்றாவதில் தெற்கே. கலங்கரை விளக்கமும் அதேபோல ஒவ்வொன்றிலும் வேறு வேறு பனையோடு சேர்ந்து நிற்கிறது. கடலில் இருந்து பார்க்கும்போது கிட்டே இருக்கும் பொருளும் எட்ட இருக்கும் பொருளும் ஒரே நேரில் வந்தால் அது ஒரு கோடு. இன்னொரு ஜோடி இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கீழே பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிறது, பாரில் மீன் இருக்கிறது. மூன்று படம் மூன்று பார். இனயத்து அக்கா கேட்டதும், "எங்க ஊர்ல கணியம்னு சொல்லுவோமே, இதுதானா!" என்றார். குழந்தைத்தனமான பாணியாம். கடல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். தீர்மானம் அன்றைக்கே ரத்து.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. இந்தக் குறியெல்லாம் குடும்பச் சொத்து, அப்பன் மகனுக்குச் சொல்வான், மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான். அதைச் சுவரில் மாட்டி எழுதியும் வைக்கலாமா? பெரியவரிடமே கேட்டோம். "என் மகன் டாக்சி ஓட்டுறான், அவனுக்கு எதுக்குப் பார்? அந்தப் பாருமே இழுவை மடி (விசைப்படகு இழுக்கும் வலை) ஓடி ஓடி மொட்டையாப் போச்சு. எழுதிக்கோ" என்றார். காகா வேறொன்று சொன்னார். இங்கே வொர்லியில் குறி பார்த்து வைத்திருந்ததெல்லாம் புதிது புதிதாக முளைக்கும் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டதாம். கடலோரமாகக் கோஸ்டல் ரோடு கட்டும்போது, வொர்லி மீனவர்கள் படகு விடும் கிளீவ்லேண்ட் பந்தர் பக்கம் பாலத் தூண்களுக்கு இடையே 60 மீட்டர்தான் விடுவதாக இருந்தது, படகு போக வழி வேண்டும் என்று அவர்கள் போராடிய பிறகு 2022 டிசம்பரில் 120 மீட்டராக்க அரசு ஒத்துக்கொண்டது. அந்தப் போராட்டத்தில் காகாவும் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குப் பிறகு எல்லாச் சீட்டையும் கிழித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தோம். கொடுத்தவர் பெயரும் ஊரும், அந்தப் பொருளைப் பற்றி அவர் வாயால் சொன்னது அப்படியே, கேட்டு எழுதியவர் பெயர், தேதி. "பழங்கால", "அரிய", "பாரம்பரிய" என்ற மூன்று சொல்லுக்கும் தடை. கிட்டத்தட்ட பாதி முடிந்திருக்கிறது. மீதி முடியாததற்குக் காரணம், கேட்க வேண்டிய ஆட்களில் இரண்டு பேர் இந்த வருஷம் காலமாகிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த துடுப்பும் தூண்டில் பெட்டியும் இருக்கின்றன, சீட்டில் எழுத எங்களிடம் எதுவும் இல்லை.

நவம்பரில் நம் கல்லூரி ஆசிரியர் உறுப்பினர் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டுக் காட்டினார். இங்கிலாந்தில் கார்ன்வால் கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்று ஒருவர், 1855-இல் பிறந்தவர், கடலுக்குப் போனவர். 1922-இல் மனைவி இறந்த பிறகு தனிமைக்குத் துணையாக, எழுபது வயசுப் பக்கத்தில் படம் வரைய ஆரம்பித்திருக்கிறார். மளிகைக் கடை அட்டை, படகுக்கு அடிக்கும் பெயின்ட், முக்கியமானது பெரிசு, மற்றது சின்னது. நம் பெரியவரேதான்! 1928-இல் அந்த வழியாகப் போன இரண்டு ஓவியர்கள் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இன்னொருவர் ஜான் கிராஸ்க், நார்ஃபோக் கரையில் ஷெரிங்ஹாம் ஊர் மீனவக் குடும்பம். 1917-இல் உடம்புக்கு முடியாமல் போய், படுக்கையில் இருந்தபடியே கப்பலையும் கடலையும் ஊசி நூலால் தைத்தார். டன்கர்க் போர்க்காட்சியை மிகப் பெரிதாகத் தைத்துக்கொண்டிருந்தவர், வானத்தில் கொஞ்சம் பாக்கி இருக்கும்போது 1943-இல் இறந்துபோனார்.

பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "வாலிஸுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" படத்துக்குச் சில ஷில்லிங். அவர் 1942-இல் ஆதரவற்றோர் விடுதியில்தான் இறந்தார் என்றதும் அறையில் சத்தமே இல்லை. அன்றைக்கு அங்கேயே முடிவு செய்தோம், வரைந்தவர் படத்தை நாமோ வேறு யாருமோ வெளியே காட்டினால் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பணம் போக வேண்டும்.

அந்த முடிவுக்கு உடனே வேலை வந்தது. இனயத்து அக்கா நைலான் வலை நூலால் பின்னிய திரை ஒன்று நம்மிடம் இருக்கிறது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் தெற்கிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட படகுகள் பல இந்த மாநிலத்தின் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கின. அதில் ஒன்றில் அவருடைய கொழுந்தன் இருந்தார். அக்கா கொங்கண் ரயிலில் கணக்கவ்லி இறங்கி, பஸ் பிடித்துப் போய் ஆளைக் கண்ணால் பார்த்தார். பார்த்ததைப் பின்னியிருக்கிறார். படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, ஒரு மனுஷ உருவமும் இல்லை. "ஆளு எத்தனை பேர் வந்தாங்க, வரலைனு எண்ணத் தைரியம் இல்ல" என்பார். இதை நகரத்தில் ஒரு காட்சிக்கூடம் இரண்டு மாதத்துக்குக் கேட்டு வாங்கிப் போனது. திறப்பு விழாவுக்கு அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். சீட்டில் எழுதியிருந்தது "மீனவர் கைவினை, பெயர் அறியப்படவில்லை." பெயர் அறியப்படாதவர் சீட்டுக்கு முன்னால் நிற்கிறார்! மூன்று கடிதம் போட்ட பிறகு சீட்டை மாற்றினார்கள், பணம் கடைசி வாரம் வந்தது. திரை கிழிசல் இல்லாமல் திரும்பியிருக்கிறது. கடிதம் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான், நாமும் போன வருஷம் அதேபோல் சீட்டு எழுதியவர்கள்தானே.

மற்றவை சுருக்கமாக. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாடகை ஏறியிருக்கிறது, சந்தா ஏறவில்லை, பாக்கி வைத்தவர்கள் யார் என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தாராவி மறுசீரமைப்புக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். மாடி அறை, அதுவும் யாரும் குடியிருக்காத அறை, எந்தக் கட்டத்தில் வரும் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். ஒருவேளை காலி செய்ய வேண்டி வந்தால் பொருட்களை எந்தெந்த வீட்டில் வைப்பது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். கல் நங்கூரத்துக்கு மட்டும் இதுவரை யாரும் கை தூக்கவில்லை.

அறை ஞாயிறு காலை 10 முதல் 1 வரை திறந்திருக்கும். சாவி உவரி அண்ணன் வீட்டில். மேற்குச் சுவர் ஓதத்துக்கு மே கடைசிக்குள் பூச்சு வேலை முடிக்க வேண்டும், அதற்குள் படங்களைக் கிழக்குச் சுவருக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். லேமினேஷன் மெஷின் வைத்திருப்பவர்கள் வர வேண்டாம்.