பட்டை வரைபடத்துக்கு ராக்கெட் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் வேலைவாய்ப்பு இணைப்பிதழில், வெளிநாடு போகிறவர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. அதன் எழுத்துப் பகுதியில் வரைபடத்தை விவரிக்கச் சொல்லும் முதல் கேள்விக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு பெட்டி நிறையப் போட்டிருந்தீர்கள். உயர்வதற்கு ஒரு பத்தி, தாழ்வதற்கு ஒரு பத்தி. அந்தப் பெட்டிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, எடை போட்டு எழுதியே காலம் போயிற்று. எனக்குத் தெரிந்தது அலுவலக ஆங்கிலம்தான். ஆனால் ஓர் அட்டவணையை எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்பது தெரியும்.

என் மகள் செவிலியர். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய இந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் ஒன்பதுக்கு 7 வேண்டும், எழுதுதலில் 6.5 போதும். மற்ற மூன்றையும் தாண்டிவிட்டாள். எழுத்தில் மட்டும் இரண்டு முறையும் 6. ஒவ்வொரு முறையும் கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பயிற்சி மையத்துக்குக் கட்டியது தனிக் கணக்கு.

இரண்டாவது முடிவு வந்த அன்று அவளுடைய பயிற்சி நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லா விடையும் ஒரே மாதிரி தொடங்கின. மையத்தில் ஒரு வார்ப்பு கொடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை மாற்றுவதுபோல எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியது. ஓரிடத்தில், மூன்று சதவீதம் கூடியதற்கு 'ஸ்கைராக்கெட்டட்', அதாவது ராக்கெட்போல விண்ணுக்குப் பாய்ந்தது என்று எழுதியிருந்தாள். மூன்றுக்கே ராக்கெட் விட்டால் முப்பதுக்கு என்னம்மா விடுவாய் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நானே ஒரு பட்டை வரைபடம் போட்டுக் கொடுத்தேன். தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. ஆண்கள் 1991இல் 73.75, 2001இல் 82.42, 2011இல் 86.77. பெண்கள் அதே வரிசையில் 51.33, 64.43, 73.44. இருபது நிமிடம் கொடுத்தேன். ரேஷன் கடை இருப்புப் பலகைபோல ஆறு எண்களையும் வரிசையாக ஒப்பித்து, நடுநடுவே 'மேலும்', 'அதுமட்டுமன்றி' என்று ஆங்கிலத்தில் ஒட்டுப் போட்டிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்றிரண்டுதான். ஆனால் படித்து முடித்தால் படம் என்ன சொல்கிறது என்றே தெரியவில்லை.

"ராத்திரி டியூட்டி முடிந்து அடுத்த செவிலியரிடம் ஒப்படைக்கும்போது காய்ச்சல் அட்டையில் இருக்கும் ஒவ்வோர் அளவையும் வாசிப்பாயா?" என்று கேட்டேன்.

"அதற்கெல்லாம் நேரம் ஏது அப்பா? நள்ளிரவு வரை காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது, இரண்டு மணிக்கு 103 தொட்டது, ஊசிக்குப் பிறகு இறங்கிவிட்டது, இரத்த அழுத்தத்தில் மாற்றமில்லை. இவ்வளவுதான் சொல்வோம்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். தினமும் செய்கிற வேலையைத்தான் தேர்வில் கேட்கிறார்கள்; வகுப்பு அதை மறக்கடித்திருக்கிறது.

திரும்ப எழுதினாள். இரு பாலாரிடமும் எழுத்தறிவு உயர்ந்தது, பெண்களிடம் வேகமாக உயர்ந்தது, அதனால் 22 புள்ளிக்கு மேல் இருந்த இடைவெளி 13 ஆகச் சுருங்கியது என்று முதலிலேயே இரண்டு வாக்கியம். ஆண்களின் உயர்வு இரண்டாவது பத்தாண்டில் பாதியாகக் குறைந்ததையும் நான் சொல்லாமலே பிடித்துவிட்டாள். எண்கள் அதற்குப் பின்னால் சாட்சிக்கு வந்து நின்றன. இத்தேர்வின் மதிப்பீட்டு வரையறை வெளிப்படையாகவே கிடைக்கிறது. விவரங்களை இயந்திரம்போல் ஒப்பிப்பதை அது ஐந்தாம் படியில், அதாவது மதிப்பெண் 5இல் வைக்கிறது. ஏழாம் படிக்குத் தெளிவான ஒட்டுமொத்தப் பார்வை வேண்டும் என்கிறது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, என் தொழில் சார்ந்த எரிச்சல். பெண்களின் எழுத்தறிவு இருபது ஆண்டுகளில் 22 சதவீதம் கூடியது என்று எழுதியிருந்தாள். கூடியது 22 சதவீதப் புள்ளிகள், 51.33ஐ அடியாக வைத்துச் சதவீதம் கணக்கிட்டால் அது 43. இதை விளக்குவதற்குள் இரண்டு டம்ளர் காப்பி ஆறிவிட்டது. நாளிதழ்களிலும் இந்தக் குழப்பம் வருகிறது என்பதைப் பணிவுடன் சொல்லி வைக்கிறேன்.

கடைசி வாக்கியமாக, 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் இந்த மாற்றத்துக்கு உதவியது என்று சேர்த்திருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அடிக்கச் சொன்னேன். முதல் கேள்வியில் காரணம் கேட்பதில்லை. படத்தில் இல்லாததைச் சொன்னால் மதிப்பெண் போகும். "உண்மைதானே அப்பா?" என்றாள். உண்மைதான், இரண்டாவது கேள்வியான கட்டுரைக்குப் பத்திரமாக வைத்துக்கொள் என்றேன். அடிக்கச் சொல்ல மனம் வரவில்லைதான்.

நேரக் கணக்கும் அவளை இடறியிருக்கிறது. எழுத்துப் பகுதிக்கு மொத்தம் 60 நிமிடம். முதல் கேள்விக்கு 150 சொற்கள் போதும், 20 நிமிடம்தான் ஒதுக்கச் சொல்கிறார்கள். கட்டுரைக்கு 250 சொற்கள், மதிப்பில் இரண்டு பங்கு. இவளோ ராக்கெட் தேடியே முதல் கேள்வியில் அரை மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறாள்.

இணைப்பிதழில் சொற்பட்டியலுக்குப் பதிலாக வாரம் ஒரு வரைபடத்தை விளக்கமில்லாமல் அச்சிட்டு, வாசகர்களை இரண்டே வாக்கியத்தில் அதைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாரம் நல்ல விடையையும் சொதப்பிய விடையையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம்.

மகள் அடுத்த மாதம் மூன்றாவது முறை எழுதுகிறாள். பயிற்சிக்காக உங்கள் நாளிதழில் வரும் வரைபடங்களைக் கத்தரித்து வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை வந்த அணை நீர்மட்டப் படத்தில் அளவு அடியா மீட்டரா என்று போடவில்லை. அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர்,
பாளையங்கோட்டை.