அம்மிணி கும்மிக்குப் போறா

அன்புள்ள சரசு,

கடுதாசி கிடைச்சுது. மகனுக்கு வரன் அமைஞ்சது ரொம்ப சந்தோசம்.

எந்தங்கச்சி மக எப்படி இருக்கான்னு கேட்டிருந்தே. 14 வயசாச்சு. பேச்சு இன்னும் ரெண்டு மூணு வார்த்தைதான். கூலி கட்டுபடியாகாம தறியை எடைக்குப் போட்டுட்டு, அவங்கப்பன் மில்லுக்கு ஷிப்டு போறார். தங்கச்சி பனியன் கம்பெனியில பிசிறு வெட்டறா. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இவளுக்கு இருக்கற ஆட்டிசத்தையும் சேர்த்துட்டாங்க, அதுக்கான அட்டையும் வாங்கியாச்சு. ஆனா தெரபிக்குக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போக யாராச்சும் ஒரு நாள் சம்பளத்தை விடணுமே. அது நின்னே போச்சு.

இப்ப சாயங்காலமானா மாரியம்மன் கோயில் திடல்ல, வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடற வள்ளி கும்மி பழகறா! 2024ல இந்தக் கும்மிக்காக பத்மஸ்ரீ வாங்கினாரே பத்ரப்பன் ஐயா, அவராட்டம் ஆளுங்க பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்ததாலதான் இவளுக்கும் அங்க எடம்.

முன்னும் பின்னும் ஆடறது, ஓயாம கைதட்டறது, இதுக்குத்தான் ஊட்டுல எந்நேரமும் அதட்டு வாங்குவா. அங்க அதுதானே ஆட்டமே! அடி மாறாம திரும்பத் திரும்ப வர்றதால, அடுத்தது எந்தக் கால்னு இவளுக்கு முன்னாலயே தெரியுது. வாத்தியார் வேகம் கூட்டினா பெரியவங்க தடுமாறறாங்க, இவ தடுமாறறதில்ல. ஸ்பீக்கர் சத்தம்தான் ஆகாது. காதுல பஞ்சு வெச்சு, பொட்டிக்குத் தள்ளி நிறுத்திக்கறோம்.

ஒரு நாள் வாத்தியார் பாட்டுல ஒரு அடியை உட்டுட்டார். இவ கையை எறக்கிட்டு நின்னுட்டா. பின்னால வந்தவங்க மேல மோத, வட்டமே நின்னு போச்சு. தங்கச்சி பதறி ஓடறா. வாத்தியார் சிரிச்சுட்டு, "அம்மிணி சொல்றது சரிதானுங்க"ன்னு உட்ட அடியைப் பாடினார். அப்புறந்தான் காலைத் தூக்கினா. வாயைத் திறக்காமலே வாத்தியாரைத் திருத்திப்புட்டா பாரு.

ஆடினா எல்லாம் குணமாயிரும்னு பக்கத்து ஊட்டுக்காரி சொல்றா, எனக்கு எரிச்சலா வருது. இதென்ன காய்ச்சலா, குணமாக? புடிச்சிருக்கு, ஆடறா.

அரங்கேற்றத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஜரிகைச் சேலைன்னு முடிவாயிருக்கு. ஜரிகை மேல பட்டாலே இவ உருவி எறிஞ்சுருவா. பருத்தியே கட்டட்டும், நெறம் ஒண்ணா இருந்தாப் போதும்னுட்டார் வாத்தியார். பெட்ஷீட் நெய்யற ஊர்ல சேலையான்னு சிரிக்காதே, சென்னிமலையில அரக்குச் செவப்புல, கரையில ஜரிகை இல்லாத கைத்தறிச் சேலை இருந்தா ஒண்ணு எடுத்து வை. ஒரு தண்ணி அலசிக் குடுத்துவிடு, புதுக்கஞ்சியும் அவளுக்கு அரிக்கும். காசு மாப்பிள்ளை கையில அனுப்பறேன்.

இப்படிக்கு,
ருக்கு