எடெல்வைஸ் காட்டாத எடெல்வைஸ் பயணம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

நிர்வாகிக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. வேலைக்கு லீவு போட்டு பேர்னிலிருந்து சூரிச்சில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தேன். முதல் முறை கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

1985இல் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினேன். அதிலிருந்த எடெல்வைஸ் என்ற ஆல்ப்ஸ் மலைப் பூவை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் அம்மாவின் ஆசை. அவருக்கு வயது 81. மலை ஏற முடியாது. ஷினிகே பிளாட்டே மலைக்கு 1893 முதல் பற்சக்கர ரயில் ஓடுகிறது, மேலே ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் தாவரத் தோட்டம் இருக்கிறது, அங்கே எடெல்வைஸ் பார்க்கலாம் என்று உங்கள் விளம்பரத்தில் இருந்ததால்தான் அம்மாவுக்கும் எனக்கும் என் மகளுக்கும் 240 பிராங்க் கட்டினேன்.

ரயிலில் ஏற்றவே இல்லை. இன்டர்லாக்கன் கைக்கடிகாரக் கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு, நேரமில்லை என்றார் உங்கள் வழிகாட்டி. ஒரு ஹோட்டல் ஜன்னல் தொட்டியைக் காட்டி, "இதுதான் அம்மா எடெல்வைஸ்" என்றார். அது டஸ்டி மில்லர்! மத்தியதரைக் கடற்கரைச் செடி, எந்தத் தோட்டக் கடையிலும் கிடைக்கும். அதற்கும் வெள்ளி இலைதான். ஆனால் சரிகைபோல் வெட்டுப்பட்ட இலை. எடெல்வைஸில் நட்சத்திரமாக விரிவது இதழே அல்ல, வெண்பஞ்சு போர்த்த இலைகள். பூக்கள் நடுவில் மஞ்சள் பொத்தான்களாகக் குவிந்திருக்கும். ஆஸ்திரியாவின் 2 சென்ட் நாணயத்தில் அந்தப் பூ இருக்கிறது. என் மகள் அந்த நாணயத்தை எடுத்து நீட்டினாள். வழிகாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடெல்வைஸ் பயணம் என்று விற்கும் உங்களுக்கு எடெல்வைஸ் எதுவென்று தெரியாதா?

அம்மா அந்த இலையைத் தடவிப் பார்த்து, "படத்தில் இப்படி இல்லையே, தம்பி" என்றார்.

இனி அந்த இரண்டாம் முறை. உங்கள் மேசையில் இருந்த இளைஞர் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், "இந்த வயதில் பூவைப் பார்த்து என்ன செய்யப் போகிறார்?" என்றார். பணம் போகட்டும். இந்தச் சொல்லை என்னால் மறக்க முடியாது. நாற்பது வருட ஆசையை ஒரே நாளில் கொன்றுவிட்டீர்கள்.

தயவுசெய்து கேட்கிறேன்: 240 பிராங்க்கையும் அந்த இளைஞரின் எழுத்துமூல மன்னிப்பையும் பத்து நாட்களுக்குள் அனுப்புங்கள். இல்லையேல் பயணத்துறைக் குறைகேள் அதிகாரியிடம் போவேன். கோவில் திருவிழாவில் சந்திக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்வேன்.

அம்மாவின் விசா செப்டம்பர் 14உடன் முடிகிறது. பூ இன்னும் உதிரவில்லை. அவரை ஷினிகே பிளாட்டேக்கு நானே கூட்டிப் போகிறேன். அந்த ரயில் டிக்கெட்டுக்கான பணமும் உங்களிடமிருந்தே வர வேண்டும்.

இப்படிக்கு,
பேர்னிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்