ஜப்பானிய இசையும் வசூல் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை கொழும்பில் நடந்த ஜப்பான்–இலங்கை நட்புறவு நிதியுதவிக் கச்சேரிக்கு மனைவியோடு போயிருந்தேன். வீணை படிப்பித்தவன் என்பதால் என் கண்ணெல்லாம் கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தின் மேலேயே இருந்தது. 13 தந்திகள், ஒவ்வொன்றுக்கும் கீழே அதைத் தாங்கும் தனித்தனிக் குதிரை (சிறு கட்டை). அதை நகர்த்தித்தான் சுருதி சேர்க்கிறார்கள். இடது கையால் தந்தியை அழுத்தி, அதை வாசித்த அம்மையார் எழுப்பிய அசைவு, சுரத்தை அசைக்கும் நம் கமகத்துக்குக் கிட்டவே வந்தது. அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

பேச்சுகள்தான் நீண்டுவிட்டன. 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கைப் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்தன, போரில் தோற்ற ஜப்பானுக்காகப் பேசியதை எல்லாப் பேச்சாளர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நல்ல வரலாறுதான், ஒருவர் சொன்னால் போதாதா? இலங்கையின் பங்காகக் கண்டிய நடனம் அருமை. ஆனால் நாதஸ்வரமோ தவிலோ மேடைப் பக்கமே வரவில்லை. யாழ்ப்பாணத்துத் தவிலுக்குத் தமிழ்நாட்டிலேயே தனி மதிப்பு. கொழும்பு மேடையில் பத்து நிமிடம் கிடைக்காதா?

வசூல் சிறுவர் சிகிச்சைக்கு என்று நுழைவுச்சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். மண்டபச் செலவு, விருந்துச் செலவு போக எவ்வளவு போய்ச் சேர்ந்தது? ஏற்பாட்டாளர்கள் அந்தக் கணக்கை உங்கள் பத்திரிகையிலேயே வெளியிடட்டும்.

ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்,
வெள்ளவத்தை.